அப்பாவுக்கு எடுத்து வைத்த துண்டு

குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் துண்டு எடுத்து வருவதில்லை. அருவிக்குள் நின்றால் நனையும் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. யாராவது வைத்திருப்பார்கள் என்று ஒரு நினைப்பு. எங்கள் குடும்பத்தில் அந்த யாராவது நான்தான்.

வீடு குத்துக்கல்வலசையில். மலையில் மேகம் இறங்கி ஊருக்குள் சாரல் அடிக்கத் தொடங்கினால் போதும், மற்ற மாதங்களில் செத்தோமா இருக்கிறோமா என்று கேட்காத சொந்தங்களுக்கெல்லாம் எங்கள்மேல் பாசம் வந்துவிடும். வருவதற்கு முன்னால் ஒரு போன் செய்யமாட்டார்கள். வாசலில் காரை நிறுத்தி, ஹாரன் அடித்து, "வீட்லதான் இருக்கியா?" என்று கேட்பார்கள். ஈரத்துணியோடு சோபாவில் உட்காருவார்கள். குளியலறை வாளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் மிச்சம் வைக்கமாட்டார்கள். கிளம்பும்போது, "உன் வீடு இங்கன இருக்கது எவ்வளவு வசதி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வசதி யாருக்கு என்று அவர்களும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

என்னிடம் ஒரு கட்டைப் பை உண்டு. ஜவுளிக்கடையில் புடவையோடு கொடுத்தது. துவைத்த துண்டுகள், ஒரு சாரம் அதாவது லுங்கி, ஈரத்துணி போட பிளாஸ்டிக் கவர், செல்போனைச் சுற்றி வைக்க இன்னொரு கவர், ஊக்கு, தலைவலி மாத்திரை, பிஸ்கட், பழைய செய்தித்தாள், எந்தப் பெண்ணுக்காவது அவசரத்துக்கு வேண்டியிருக்குமே என்று நாப்கின் எல்லாம் அதில் எப்போதும் இருக்கும். எதையாவது எடுத்தால் அன்றைக்கே திருப்பி வைத்துவிடுவேன். ஸ்கூட்டரை ரோட்டைப் பார்க்கத் திருப்பித்தான் நிறுத்துவேன். ஒரு வீட்டுக்குப் போவதென்றால் முந்தின நாளே சொல்லிவிட்டுப் போவேன். இதெல்லாம் பெரிய குணம் ஒன்றும் இல்லை. பல் தேய்ப்பது மாதிரிதான். செய்தால் நாறாது, அவ்வளவுதான்.

தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலை எனக்கு. அங்கே வருகிறவர்களும் இதே ரகம். பழைய சீட்டு கொண்டுவரமாட்டார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், "வெள்ளையா, சின்னதா இருக்கும்மா" என்பார்கள். உலகத்திலுள்ள மாத்திரைகளில் பாதி வெள்ளையாகச் சின்னதாகத்தான் இருக்கிறது. கடையநல்லூரிலிருந்து ஒரு அம்மா வருவார். கணவர் துபாயில். சர்க்கரை நோயுள்ள மாமியாரைத் தனியாளாகக் கூட்டி வருவார். மாத்திரை அட்டை, பழைய ரிப்போர்ட், சாப்பாட்டு டப்பா, வெந்நீர் பாட்டில், கரண்ட் போனால் வீசிவிட ஒரு விசிறி, எல்லாம் ஒரே பையில் இருக்கும். என்னைப் பார்த்துச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அந்த வேலையில் நான் பல்லைக் காட்டுவது அவரிடம் மட்டும்தான்.

குடும்பத்தோடு அருவிக்குப் போனால் ஒரு ஆள் குளிக்காமல் வெளியே உட்கார்ந்து பையையும் செருப்பையும் போனையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முறை வைத்துப் பார்த்துக்கொள்கிற குடும்பங்கள் உண்டு. எங்கள் குடும்பத்தில் அது எப்போதும் என் வேலை. நான் கல்யாணமாகிப் போய், அது நிலைக்காமல், அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தவள். அப்படி வந்தவளுக்குக் குளியல் ஒரு கேடா? "நீ இங்கனயே கிடக்கவதான, எப்ப வேணும்னாலும் குளிச்சுக்கிடலாம்" என்பாள் மைனி, அண்ணனின் மனைவி. மோதிரத்தையும் கம்மலையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போவாள். பிச்சைத் தட்டில் போடுகிறவள்கூட அதைவிட மரியாதையாகப் போடுவாள்.

சில வருடங்களுக்கு முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பிடித்துக்கொண்டால் நடப்பார். வாய் ஒரு பக்கமாகக் கோணிவிட்டது. அதிலிருந்து வருகிற பேச்சு மட்டும் முன்பைவிடக் கூர்மையாக வந்தது. குளிப்பாட்டுவது, கழுவிவிடுவது, ஊட்டுவது எல்லாம் நான். தண்ணீர் சூடு கூடினால் ஏச்சு, குறைந்தால் ஏச்சு. சென்னையிலிருந்து அண்ணன் போன் செய்யும்போது மட்டும் முகம் மலரும். பேசி முடித்ததும், "அவன் இருந்திருந்தா என்னைய இப்படிப் போட்டு வச்சிருக்க மாட்டான்" என்பார். இருந்திருந்தால்தானே.

அப்பாவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. மெயின் அருவியில் ஒரு தடவை நிற்க வேண்டும். சின்ன வயதிலிருந்து ஒரு சீசன்கூடத் தவறாமல் அங்கே நின்றவர்.

"தண்ணி தோள்ல அடிச்சு விழுந்தா கை திரும்பிரும்ட்டி" என்றார்.

திரும்பாது என்று டாக்டர் சொன்னார். ஆனால் ஓரமாக, தண்ணீர் மெலிதாக விழுகிற இடத்தில், ஒரு ஆள் இறுகப் பிடித்துக்கொள்ள, கொஞ்ச நேரம் நின்றால் ஒன்றும் ஆகாது, நின்றுவிட்டுப் போகட்டும் என்றும் அவரே சொன்னார். புலியருவிக்குப் போகலாமா, கூட்டம் இருக்காது என்று அப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன். "அது சின்னப் பிள்ளையளு குளிக்கது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மற்ற எல்லாவற்றையும் நானே செய்துவிடுவேன். ஒன்று மட்டும் முடியாது. அருவியில் ஆண்கள் குளிக்கிற பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. அப்பாவைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் பக்கத்துக்குள் நான் போய் நிற்க முடியாது. அதற்கு ஒரு ஆண்பிள்ளை வேண்டும்.

எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுகிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது அவர் ஆட்டோவில்தான். அப்பாவைத் தூக்கி உட்கார வைப்பதும் அவரே. அவரிடம் கேட்டேன்.

"இதுல என்னம்மா இருக்கு? நானும் குளிச்ச மாதிரி ஆச்சு" என்றார். "ஆனா வெள்ளனப் போயிருவோம். இப்ப மலையில மழை கெடக்கு. வெயில் ஏற ஏறத் தண்ணி கூடிருது. போலீஸ்காரவ விசிலடிச்சு எல்லாரையும் வெளிய ஏத்தி விட்டுருதாவ. விடியக் கருக்கல்ல போனா நிம்மதியாக் குளிச்சுட்டு வந்துரலாம்."

சனி ஞாயிறு வேண்டாம், செவ்வாய்க்கிழமை என்று முடிவு செய்தோம். ஆஸ்பத்திரியில் லீவு சொன்னேன். அப்பாவுக்கென்று தனியாக ஒரு பை எடுத்து வைத்தேன். உடம்பை முழுக்கச் சுற்றுகிற பெரிய துண்டு, புதிது, கஞ்சி போக அலசியது. நழுவாமல் கட்ட ஒரு சாரம். கையைத் தூக்க முடியாதவர் என்பதால் முன்பக்கம் முழுக்கப் பட்டன் வைத்த சட்டை. வழுக்காத செருப்பு. குளிர் விட சுக்குக் காபி. சாரலுக்கு ஒரு குடை.

திங்கட்கிழமை சாயங்காலம் அண்ணன் மைனியோடு வந்து நின்றான். சொல்லிவிட்டு வரவில்லை. ஹாரன்தான் சொன்னது. எனக்கு மூத்தவன் என்றாலும் அவன் என்றுதான் எழுதுவேன்.

அப்பாவே சந்தோஷத்தில் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"ஆட்டோக்காரன் பிடிச்சுத்தான் எங்கப்பா குளிக்கணுமா? நான் என்ன செத்தா போயிட்டேன்? ஏட்டி, அவரை வரவேண்டாம்னு சொல்லிரு."

"அவரும் வரட்டும்ணே. பிடிக்க ரெண்டு ஆளு இருந்தா நல்லதுதான."

"உனக்கு என்னைக்குமே என் மேல நம்பிக்கை கிடையாது."

அப்பா குறுக்கே வந்தார். "பெத்த பிள்ளை பக்கத்துல இருக்கும்போது அந்நியன் எதுக்குட்டி? அவன் பிடிப்பான். நீ வாயப் பொத்து."

அண்ணாச்சிக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். எனக்கு நாக்கு கூசியது. "அதுக்கென்னம்மா, மகன் வந்துட்டாருல்லா, அதான் முறை" என்றார் அவர். போனை வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை இழுத்தார். "வெள்ளனக் கிளப்பிருங்க என்ன."

மறுநாள் விடிவதற்கு முன்பே எழுந்து அப்பாவுக்கு மாத்திரை கொடுத்து, கக்கூஸுக்குக் கூட்டிப்போய்க் கழுவிவிட்டு, வாசலைப் பார்க்க நாற்காலியில் உட்கார வைத்துவிட்டேன். பண்டிகைக்குக் கிளம்புகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அண்ணன் அறைக் கதவைத் தட்டினேன்.

"இந்தா எந்திரிச்சுட்டேன்ட்டி" என்று சத்தம் வந்தது. ஆள் வரவில்லை.

இரண்டாம் தடவை தட்டியபோது மைனி, "லீவுலயாவது மனுசரத் தூங்க விடேன். அருவி என்ன பஸ் பிடிச்சு ஊருக்கா போகப்போவுது?" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அப்பாவும் அவளோடு சேர்ந்து சிரித்தார்.

அதற்குப் பிறகு அவன் எழுந்து, போனைப் பார்த்து, இட்லி கேட்டு, சட்னி கேட்டு, அது முடிந்து கார் கண்ணாடியைத் துடைத்து, வெயில் நன்றாக ஏறின பிறகுதான் கிளம்பினோம். துண்டு எடுத்தாயா என்று கேட்டேன். "உன் பையில இருக்கும்லா" என்றான்.

அருவிக்கு வெகு தூரத்திலேயே காரை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். சிப்ஸ் கடைகளுக்கும் பழக்கடைகளுக்கும் நடுவில், கூட்டத்தில் இடிபட்டு, அப்பாவை நானும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போய், அருவிக்கு எதிரே ஒரு படியில் உட்கார வைத்தோம். அப்பா அண்ணாந்து பார்த்தார். "நல்லா விழுது" என்றார். இடது கையால் தன் சட்டைப் பட்டன்களை அவரே கழற்ற ஆரம்பித்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து ஒரு பட்டனைக்கூட அவராகத் தொட்டதில்லை.

"கொஞ்சம் பொறுங்கப்பா" என்றான் அண்ணன். "நான் மொதல்ல உள்ள போய் எங்கன வழுக்குது, எங்கன தண்ணி கம்மியா விழுதுன்னு பாத்துட்டு வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

அக்கறை மாதிரிதான் கேட்டது. நானும் நம்பினேன். பர்ஸையும் போனையும் என் மடியில் போட்டுவிட்டுப் போனான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான். அவர் இவன் மண்டையில் தாளம் போடுகிறார். இவன் சொகுசாகத் தலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

மைனி ரம்புட்டானும் மங்குஸ்தானும் வாங்கப் போகிறேன் என்று கிளம்பினாள். குடையை எடுத்துக்கொண்டாள். "மைனி, அப்பா நனைவாவ" என்றேன். "குளிக்கத்தான வந்திருக்காவ" என்றாள்.

அப்பாவைத் தனியே விட்டுவிட்டு நான் எழுந்துபோக முடியாது. அண்ணனைக் கூப்பிடலாம் என்றால் அவன் போன் என் மடியில். எண்ணெய் தேய்த்து முடித்து அருவிக்குள் போனவன் நட்டநடுவில், தண்ணீர் கனமாக விழுகிற இடத்தில் போய் நின்றுகொண்டான். உள்ளே போகிற ஒருவரிடம் ஆளைக் கைகாட்டி, அப்பா காத்திருக்கிறார் என்று சொல்லச் சொன்னேன். அந்த மனிதர் பொறுப்பாகப் போய்ச் சொல்லிவிட்டு அங்கிருந்தே எனக்குச் சைகை காட்டினார். அண்ணனும் கையைத் தூக்கிக் காட்டினான். வருகிறேன் என்று அர்த்தமா, போ என்று அர்த்தமா, எனக்குத் தெரியவில்லை. அவன் வரவில்லை.

சாரல் வலுத்தது. அப்பா சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெறும் மார்போடு உட்கார்ந்திருந்தார். போட்டுவிடுகிறேன் என்றதற்கு, "இந்தா வந்துருவான், மறுபடி கழட்டணும்" என்றார்.

விசில் சத்தம் கேட்டது. தண்ணீர் நிறம் மாறிச் செம்மண்ணாக விழ ஆரம்பித்திருந்தது. எல்லாரையும் விரட்டி வெளியே ஏற்றினார்கள். அண்ணன் கடைசி ஆளாக வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"செம தண்ணிப்பா! உடம்புவலி எல்லாம் போயிட்டு."

"அப்பாவைக் கூட்டிட்டுப் போகலையா?" என்றேன்.

"அதான் விசிலடிச்சுட்டானே, நான் என்ன செய்ய? நான் என்ன தண்ணியையா திறந்து விட்டேன்?"

அங்கே நின்ற போலீஸ்காரரிடம் போய்க் கேட்டேன். "இன்னைக்கு இனி கிடையாதும்மா. மலையில பேய்மழை. வயசானவரைக் கூட்டிட்டுப் போங்க" என்றார். நான் திரும்பி வருவதற்குள் அண்ணன் கை அப்பாவின் பைக்குள் இருந்தது. பெரிய துண்டை உருவி எடுத்துவிட்டான்.

"அண்ணே, அது அப்பாவுக்கு."

"அவருதான் குளிக்கவே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே தலையைத் துவட்டினான். எண்ணெய் மண்டை. புதுத்துண்டு முழுக்கக் கறை. அப்புறம் சாரத்தையும் எடுத்துக் கட்டிக்கொண்டான். மைனி பழப்பையோடு வந்து உட்கார்ந்து, "குளிருக்கு இதமா இருக்கும்" என்று சுக்குக் காபியை ஊற்றிக் குடித்துவிட்டு, இனிப்பு பத்தாது என்றாள்.

அப்பா நனைந்துபோய் நடுங்கிக்கொண்டிருந்தார். துடைக்க ஒன்றும் இல்லை; என் கட்டைப் பை வெகு தூரத்தில் நின்ற காரில் கிடந்தது. என் முந்தானையால் துடைத்தேன். அதுவும் ஈரம். அவர் அருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வெள்ளனக் கிளப்பியிருக்கணும்ட்டி" என்றார். "ஒரு காரியத்தை ஒழுங்காச் செஞ்சிருக்கியா நீ? புருசன் வீட்லயும் இப்படித்தான் இருந்திருப்பே. அவனாவது குளிச்சான், போ. பாவம், எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கான்."

அப்பனையும் மகனையும் சேர்த்து அந்தச் செம்மண் தண்ணீருக்குள் தள்ளிவிடலாம் போல இருந்தது. தள்ளவில்லை. அப்பாவுக்குச் சட்டையைப் போட்டு, விழுந்துபோன கையை முதலில் நுழைத்து, பட்டனைப் போட்டேன். அண்ணன் முன்னால் நடந்து போனான், என் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு.

அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அது கொஞ்சம் இறங்கினதும், ஆட்டோ அண்ணாச்சி அவராகவே வந்து, "இப்ப தண்ணி பதமா விழுது, வாங்க போவோம்" என்று கூப்பிட்டார். யாருக்கு வரும் அந்த மனசு? அப்பா மாட்டேன் என்றுவிட்டார். "என் மகன் வரட்டும். அவன் பிடிச்சாத்தான் நிப்பேன்." மகனுக்கு லீவு இல்லை. அடுத்த சீசன் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அந்த மாசியில் அப்பா செத்துப்போனார். மகன் வரும்வரை ஐஸ் பெட்டியில் கிடந்தார். அந்தப் பெட்டிக்கும் நான்தான் சொல்லி வைத்திருந்தேன். மூச்சு இழுக்க ஆரம்பித்தபோதே நம்பரைக் கேட்டு வாங்கி வைத்துவிட்டேன். அதற்கும் ஊரில் பேச்சு. அப்பன் சாகிறதுக்கு முன்னாலேயே பெட்டிக்கு ஆள் பார்த்தவள் என்று. பார்க்காமல் விட்டிருந்தால் என்ன நாற்றம் அடித்திருக்கும் என்று பேசின ஒருத்தியும் யோசிக்கவில்லை.

முதல் வருடத் திவசம் முடிந்து, அடுத்து வந்த ஆடி அமாவாசைக்கு அண்ணன் வந்தான். அன்றைக்கு மெயின் அருவியில் குளித்துவிட்டு, ஈரத்துணியோடு படியில் உட்கார்ந்து, செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடுவார்கள். இந்த முறை வழியிலேயே போன் செய்துவிட்டான். "நேரா அருவிக்கு வந்துருட்டி. பையெல்லாம் எடுத்துட்டு வந்துருவேல்லா?"

எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெரிய துண்டையும் மேலாக வைத்தேன். எத்தனை முறை துவைத்தாலும் அதில் எண்ணெய்க் கறை போகவில்லை. எதற்கு எடுத்து வைக்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

காற்று பிய்த்துக்கொண்டு போனது. அவன் குளித்து, சொட்டச் சொட்ட உட்கார்ந்து, அய்யர் சொல்லச் சொல்ல எள்ளும் தண்ணீரும் விட்டு முடித்து வந்தான். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டினான்.

"இல்ல" என்றேன்.

"என்னது இல்லையா? இந்தா மேலயே தெரியுதே!"

"அது அப்பாவுக்கு."

மைனி என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள். "செத்தவருக்கு எதுக்குத் துண்டு?"

"அன்னைக்கு உன் புருசன் சொன்னதுதான். அவரு இன்னும் குளிக்கவே இல்லையே. குளிச்சுட்டு வந்தா வேணும்லா."

அண்ணன் குனிந்து பையைப் பிடித்து இழுத்தான். நான் அவன் கையைத் தட்டிவிட்டு, பையைப் படியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"மனுசியாட்டி நீ?" என்றான். உதடு நீலமாக இருந்தது.

நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கும் அப்பாவைப் போலவே தாடைதான் முதலில் நடுங்குகிறது. மைனி தன் துப்பட்டாவைக் கொடுத்தாள். அதுவும் சாரலில் நனைந்திருந்தது. அதைப் போர்த்திக்கொண்டு கடைகளுக்கு நடுவில் அவன் நடந்து போனதைக் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் நான் எழுந்தேன். எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை. அப்பா இருந்திருந்தால் அன்றைக்கும் என்னைத்தான் ஏசியிருப்பார்.

சென்னைக்குப் போய்க் காய்ச்சலில் படுத்துவிட்டானாம். மைனி போன் செய்து, உன்னால்தான் என்று கத்தினாள். கத்தி முடிக்கட்டும் என்று இருந்தேன். முடித்ததும், வீட்டில் காய்ச்சல் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

இல்லையாம்.